லூயி பாடி டிமென்ஷியா: அப்பா தெளிவாக இருக்கும் நேரத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

காரைக்குடி வள்ளி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 74 வயது. மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, லைன்மேன் ஆகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். மதுரையில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு லூயி பாடி டிமென்ஷியா என்றார், மறதி நோய்களில் இது ஒரு வகை. அல்சைமர் வந்தவர்களைக் கவனிப்பது பற்றித் தமிழில் ஓரளவு படிக்கக் கிடைக்கிறது. இந்த வகை பற்றிக் கேட்டால் டாக்டர்களிலேயே சிலர் யோசிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு ஞாபகம் பெரிதாகப் போகவில்லை. எந்தத் தெருவுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து லைன் போகிறது என்று இப்போதும் சொல்வார். என் மகளின் ஸ்கூல் ஃபீஸ் எப்போது கட்ட வேண்டும் என்பதைக்கூட நினைவூட்டுவார். ஆனால் சட்டையில் கை எந்தப் பக்கம் நுழைப்பது என்று தெரியாமல் நிற்பார். வாசற்படி எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்பது அவர் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். நடை சின்னச் சின்ன அடிகளாகிவிட்டது. முகத்தில் சிரிப்பு வருவதே இல்லை. கோபமாக இருக்கிறார் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள்.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி அம்மாவிடம்: "தூக்கத்துல கை கால் வீசுவாரா? கத்துவாரா?" அம்மா அசந்துவிட்டார். அப்பா வேலையில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கனவில் யாரையோ பிடித்துத் தள்ளுவார், உதைப்பார். அம்மா வேறு கட்டிலுக்கு மாறி எத்தனையோ வருடம் ஆகிறது. ரசம் தாளிக்கிற வாசனை தனக்குத் தெரியவில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்ததும் அதே பழைய கதைதான். இரண்டும் இந்த நோய் வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே தலைகாட்டக்கூடியவை என்று டாக்டர் விளக்கினார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பிக்கும். கிரைண்டர் பக்கத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். அவர்களைக் கண்டு அவருக்குப் பயமில்லை. "அதுகளுக்கு ஏதாவது சாப்பிடக் குடும்மா" என்பார். வேறு சில நாட்களில் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "எல்.சி. வாங்காம எவன்டா மேல ஏறினது? எறங்கு!" என்று கத்துவார். எல்.சி. என்றால் லைன் கிளியர், கரண்ட்டை நிறுத்திவிட்டு வேலை செய்யக் கொடுக்கும் அனுமதி. அதை வாங்காமல் கம்பத்தில் ஏறிய ஆட்களைப் பறிகொடுத்த அனுபவம் அவருக்கு உண்டு. அந்தப் பதற்றம் உண்மையானது, கையெல்லாம் நடுங்கும்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு எழுந்து நடந்ததால் அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். காலையில் உடம்பு முழுக்க விறைத்துக் கிடந்தார். வாயில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. பழையபடி எழுந்து நடக்க வாரக்கணக்கில் ஆயிற்று. இந்த நோய் இருக்கிறவர்களுக்கு அந்த மருந்து ஆபத்து என்று அப்புறம்தான் மதுரை டாக்டர் சொன்னார்.

இதையெல்லாம்விட என்னை அரிப்பது வேறு. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலில் வருவான். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, பேரன் படிப்பு, அங்கே கரண்ட் பில் எவ்வளவு, எல்லாம் கேட்பார். தம்பி வைக்கும்போது, "அப்பா நல்லாத்தானே இருக்காரு, நீதான் டென்ஷன் ஆகுறே" என்கிறான். கால் முடிந்து படுத்தால் அப்பா சாயங்காலம்தான் எழுந்திருக்கிறார். எழுந்தால் நான் யாரென்று தெரியாது. மனநலம் தேற வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்கு அப்பாவைக் கூட்டிப்போய் அத்தை ஒரு மண்டலம் தங்கவைக்கச் சொல்கிறார். கூடப் பிறந்தவர், தாங்க முடியாமல்தான் சொல்கிறார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வேளை தவறாமல் மாத்திரை வேண்டிய மனிதரை, நடக்கத் தடுமாறுகிறவரை, புது இடத்தில் எப்படித் தங்கவைப்பது?

அப்பாவே ஒரு நாள் தெளிவாக இருந்தபோது, "தலைக்குள்ள வோல்டேஜ் நிக்க மாட்டேங்குதும்மா" என்றார். அவருக்குத் தெரிகிறது. அதுதான் கொடுமை.

நான் தெரிந்துகொள்ள நினைப்பது: இல்லாத ஆட்களைப் பார்க்கும்போது என்ன பதில் சொல்கிறீர்கள்? மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் அந்த ஊசி விஷயம் திரும்ப நடக்காமல் எப்படித் தடுப்பது? தம்பிக்கு எப்படிப் புரியவைப்பது? பென்ஷன், வீட்டுப் பத்திரம் எல்லாம் அப்பா பெயரில் இருக்கிறது, அதற்கு இப்போதே என்ன செய்ய வேண்டும்?

திருச்சி சித்ரா எழுதியது:

வள்ளிம்மா, என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான். போன வருடம் காலமாகிவிட்டார். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கூடமே கண்முன் வந்துவிட்டது. என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிள்ளைகள். அப்பா பயப்படவில்லை என்றால் அவர்களை விரட்ட வேண்டியதில்லை. "அங்கே யாருமே இல்லை" என்று நான் வாதாடிய நாட்களிலெல்லாம் என் வீட்டுக்காரருக்கு வேகம்தான் ஏறியது. அவர் கண்ணுக்குத் தெரிவது அவருக்கு உண்மை. "எனக்குத் தெரியலைங்க, உங்களுக்குத் தெரியுதா? பரவாயில்ல, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றால் போதும். ஃபேனில் ஆள் தெரிகிற விஷயத்தில் நீங்கள் அப்பாவின் வேலைப் பேச்சையே பேசிப் பாருங்கள். லைன் ஆஃப் பண்ணியாச்சு, யாருக்கும் ஆபத்து இல்லை என்று அவருக்கு உறுதி கிடைத்தால் நடுக்கம் அடங்கும் என்று தோன்றுகிறது. அவருடைய பயம் ஆள் தெரிவதில் இல்லை, அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதில் இருக்கிறது.

அப்புறம் வீட்டைப் பாருங்கள். இருட்டு மூலையும் நிழலும்தான் இவர்களுக்கு மனிதர்களாக மாறும். பொழுது சாய்வதற்கு முன்னாலேயே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். ஆணியில் தொங்கும் சட்டை, நாற்காலியில் கிடக்கும் துண்டு, பூப்போட்ட திரைச்சீலை, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பீரோ கண்ணாடியை நான் பழைய புடவையால் மூடினேன். கண்ணாடியில் தெரிகிற தன்னையே யாரோ திருடன் என்று நினைத்துச் சண்டைக்குப் போனார். கண்புரை இருக்கிறதா, கண்ணாடி பவர் சரியா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்வை மங்கினால் இப்படி இல்லாதது தெரிகிற தோற்றங்கள் கூடும். படி விளிம்பில் பளிச்சென்று ஒரு நிறத்தில் டேப் ஒட்டினால் கால் வைக்க வசதியாக இருக்கும்.

எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. "என் பெஞ்சாதி எங்க? நீ அவளைப் போலவே இருக்கே, ஆனா நீ அவ இல்ல" என்பார். இது இந்த நோயில் வருவதுதான், காப்கிராஸ் என்று பெயர் சொன்னார்கள். முகம்தான் அவருக்குக் குழப்பம், குரல் இல்லை. அதனால் நான் சமையலறைக்குப் போய் அங்கிருந்து, "என்னங்க, காபி போடட்டுமா?" என்று குரல் கொடுப்பேன். "வந்துட்டியா?" என்பார். அந்தக் காபியோடு திரும்பி வந்தால் நான் மறுபடி அவர் மனைவி. எல்லா நாளும் பலிக்காது, ஆனால் நிறைய நாள் பலித்தது. உங்களைத் தெரியாத சாயங்காலங்களில் முயன்று பாருங்கள்.

ராத்திரி அடிபடாமல் இருக்கக் கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போட்டோம். பக்கத்தில் மேசை, டம்ளர் எதுவும் வைக்காதீர்கள். கனவில் கை வீசும்போது தொட்டு எழுப்ப வேண்டாம், தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தூக்கத்துக்கு எங்கள் டாக்டர் மெலடோனின் கொடுத்தார். க்ளோனாசெபம் என்று ஒன்றும் கொடுப்பார்களாம், ஆனால் தள்ளாட்டம் கூடி விழுந்துவிடுவார் என்று எங்களுக்குத் தரவில்லை.

குணசீலம் பற்றி: கோயிலுக்குக் கூட்டிப்போவதில் தப்பில்லை. காலையில் காரில் போய்த் தரிசனம் முடித்து மதியத்துக்குள் வீடு திரும்புங்கள். அத்தைக்கும் மனசு ஆறும். தங்க மட்டும் வைக்காதீர்கள். இடம் மாறினால் குழப்பம் இரண்டு மடங்காகும்.

ஈரோடு ஃபார்மஸி ரவி எழுதியது:

வள்ளி மேடம், நான் மருந்தாளுநர், என் மாமனாருக்கு பார்க்கின்சனில் தொடங்கிப் பிறகு மறதியும் வந்தது. நடுக்கமும் விறைப்பும் முதலில் வந்து, ஒரு வருடத்துக்கு மேல் கழித்து டிமென்ஷியா வந்தால் பார்க்கின்சன் டிமென்ஷியா என்பார்கள். இரண்டும் சேர்ந்தோ, குழப்பம் முந்தியோ வந்தால் லூயி பாடி டிமென்ஷியா. மூளைக்குள் நடப்பது ஒன்றுதான், ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் நரம்பு செல்களில் கட்டியாகத் தேங்குகிறது. 1912இல் ஃபிரிட்ஸ் லூயி அந்தக் கட்டிகளைக் கண்டு எழுதினார். அவை மறதி நோயையும் உண்டாக்கும் என்று ஜப்பானின் கென்ஜி கோசாகா 1976இலிருந்து எழுதத் தொடங்கினார். அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸுக்கு இந்த நோய் இருந்தது 2014இல் அவர் இறந்த பிறகு நடந்த பரிசோதனையில்தான் தெரிந்தது. அதனால் டாக்டர்களிலேயே சிலர் இதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உங்களுக்குப் பெயராவது சரியாகக் கிடைத்திருக்கிறது, அது பெரிய விஷயம்.

மருந்துக்கு வருகிறேன். ஹாலோபெரிடால், நம் ஊரில் செரினேஸ் என்ற பெயரில் வருவது, இந்த நோயாளிகளுக்குக் கூடாது. இந்த வகை மருந்துகளைக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை உங்கள் அப்பாவுக்கு வந்தது போன்ற கடுமையான விளைவு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கட்டாயம் தேவைப்பட்டால் க்யூட்டியாபின் போன்றதை மிகக் குறைந்த அளவில், நரம்பு டாக்டர் மேற்பார்வையில் கொடுப்பார்கள். பலர் கவனிக்காமல் விடுவது வாந்தி மாத்திரையை. பெரினார்ம் என்ற மெட்டோகுளோபிரமைடும், தலைச்சுற்றலுக்குக் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஸ்டெமெட்டிலும் இவர்களுக்கு ஆகாது. நடுக்கத்துக்குக் கொடுக்கும் பேசிடேன், அலர்ஜிக்கு அவில், சளி மாத்திரைகளில் இருக்கும் தூக்கம் தரும் மருந்துகள், சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், இவை எல்லாம் குழப்பத்தைக் கூட்டும். கடையில் நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மதுரை டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்: நோயின் பெயர், கொடுக்கக் கூடாத மருந்துகள், டாக்டரின் தொலைபேசி. லேமினேட் செய்து ஒன்றை அப்பா சட்டைப் பையிலும், ஒன்றை ஃபைலின் முதல் பக்கத்திலும் வையுங்கள். அட்மிட் செய்தால் கேஸ் ஷீட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி டியூட்டிக்கு வரும் நர்ஸிடம் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் திரும்பச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தொந்தரவாகத் தோன்றினாலும் பரவாயில்லை.

திடீரென்று ஒரே நாளில் குழப்பம் அதிகமானால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் இறங்குவது, இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தைப் படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்றபின் ஒருமுறை எடுங்கள். இவர்களுக்கு எழுந்ததும் சட்டென்று இறங்கும், அதில்தான் பலர் விழுகிறார்கள். அப்பா பிபி மாத்திரையோ, ப்ராஸ்டேட்டுக்கு மாத்திரையோ எடுத்தால் இந்த அளவுகளைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள். விறைப்புக்கு லெவோடோபா கொடுத்தால் நடை கொஞ்சம் தேறும், ஆனால் தோற்றங்கள் கூடலாம். அந்த அளவை டாக்டர்தான் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

சேலம் கண்ணன் எழுதியது:

அக்கா, நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். பண விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பலரும் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில், எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறினால் அந்தப் பவர் செல்லாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதனால் அப்பா தெளிவாக இருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிடுங்கள். பென்ஷன் கணக்கில் அம்மா பெயரைச் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறைக்கு மாற்றுங்கள். எல்லா டெபாசிட்டுக்கும் நாமினி இருக்கிறதா பாருங்கள். உயில் எழுதுவதாக இருந்தால், அன்றைய தேதியிலேயே டாக்டரிடம், "இவர் சொல்வதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார்" என்று சான்றிதழ் வாங்கி, அதைப் பதிவும் செய்துவிடுங்கள். தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிறகு சொத்துச் சண்டை என்று வந்தால் அம்மா தாங்க மாட்டார்.

கையெழுத்து மாறிக்கொண்டே போனால் கைநாட்டு வைக்கலாம், வங்கியில் அதற்கு வழி இருக்கிறது. வாழ்நாள் சான்றிதழுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை எடுக்கும் வசதி இருக்கிறது. உங்கள் பென்ஷனுக்கு அது பொருந்துமா என்று போஸ்ட் ஆபீஸில் கேளுங்கள், வெயிலில் அப்பாவை அலையவைக்க வேண்டாம்.

தம்பி விஷயத்தில் எனக்குத் தோன்றுவது, அவரிடம் வாதாடுவதை விட்டுவிட்டு மதுரை டாக்டரையே அவரோடு பேசச் சொல்லுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டின்போது வீடியோ காலில் அவரையும் சேர்த்துவிடுங்கள். ஞாயிறு காலைக்குப் பதில் ஒரு நாள் சாயங்காலம் கூப்பிடச் சொல்லுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு அவர் கூப்பிட்டால் இங்கே உங்கள் விளக்கு வைக்கிற நேரம்தான்.

காரைக்குடி வள்ளி எழுதியது:

சித்ரா அக்கா, ரவி சார், கண்ணன், மூவருக்கும் நன்றி. படித்துவிட்டு ராத்திரி அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வேறு ஒரு வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறது என்பதே அம்மாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

நேற்று சாயங்காலம் அப்பா மறுபடி ஃபேனைப் பார்த்துக் கத்தினார். நான் பக்கத்தில் போய், "எல்.சி. வாங்கியாச்சுப்பா. ஏபி சுவிட்சை இறக்கி, எர்த் ராடும் போட்டாச்சு" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு சொன்னது, ஏஇ சொன்னாரா?" என்றார். ஏஇ என்றால் அவருடைய உதவிப் பொறியாளர். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டார். நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது, ஆனால் கத்தவில்லை.

தம்பியை வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிடச் சொன்னேன். அப்பா அவனை யாரோ கான்ட்ராக்டர் என்று நினைத்துப் பேசினார், பாதியில் அப்படியே கண் சொருகித் தூங்கிவிட்டார். தம்பி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் டாக்டர் நம்பர் கேட்டான். அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வந்தால் வங்கி வேலையையும் உயிலையும் அவன் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று இருக்கிறோம். அட்டைக்கு டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருகிறார்.

ஒரே ஒரு சந்தேகம். அப்பாவுக்கு இந்த நோய்க்குக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மின் மாத்திரை ஆரம்பித்ததும் குமட்டலும் பசியின்மையும் வந்ததால் தோலில் ஒட்டும் பேட்ச்சாக மாற்றியிருக்கிறார்கள். குமட்டல் நின்றுவிட்டது. தெளிவாக இருக்கும் நேரமும் கொஞ்சம் கூடியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒட்டிய இடத்தில் அரிக்கிறது என்று பிய்த்து எறிந்துவிடுகிறார். சித்ரா அக்கா, நீங்கள் இதைச் சமாளித்தீர்களா?

திருச்சி சித்ரா எழுதியது:

சமாளித்தேன் வள்ளிம்மா. நெஞ்சிலும் கையிலும் ஒட்டாமல் முதுகின் மேல்பக்கம், கை எட்டாத இடமாகப் பார்த்து ஒட்டுங்கள். குளித்துத் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும், அங்கே எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. ஒரே இடத்தில் 14 நாளுக்குள் மறுபடி ஒட்டக்கூடாது, இடம் மாற்றிக்கொண்டே வந்தால் அரிப்பு குறையும். நான் காலண்டரில் இடது, வலது என்று எழுதிவைத்தேன். புதியதை ஒட்டும் முன் பழையதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், இரண்டு சேர்ந்து இருந்தால் மருந்து அளவு மீறி ஆபத்தாகிவிடும். அம்மா ஒருமுறை, நீங்கள் ஒருமுறை என்று ஒட்டாமல், யாராவது ஒருவர் மட்டும் அந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தோல் சிவந்து, தடித்து, ஒட்டிய இடத்தைத் தாண்டிப் பரவினால் ஒட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நாடித்துடிப்பு குறைகிறதா என்று ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எங்கேயும் உங்களைப் பற்றி எழுதவில்லை. அடுத்த மாதம் தம்பி வந்ததும் இரண்டு ராத்திரி அப்பா பக்கத்தில் அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். அதற்கு இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள். வெளியே யாரிடம் உதவி கேட்பது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 மணியிலிருந்து இரவு 8 வரை எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அல்சைமர் போன்ற மறதி நோய்களுக்காக 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்குச் சென்னையிலும் கிளை உண்டு. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அவர்கள் வழிகாட்டுவார்கள்.